கறுத்த சுருட்டின் தரம் பார்ப்பது: திருகோணமலையில் பழகத் தொடங்குபவர்களுக்கு

கறுத்த மேலிலை சுற்றிய சுருட்டைக் கையில் எடுத்ததும் பலர் இரண்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இது தலையைச் சுற்றவைக்கும் கடுஞ்சுருட்டு என்பது ஒன்று. இவ்வளவு கறுப்பென்றால் நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்பது மற்றது. இரண்டும் பிழை. சுருட்டின் காரத்தில் பெரும்பங்கு உள்ளே சுருட்டிய இலைகளிலிருந்து வருகிறது. மேலிலை கறுத்திருப்பதால் மட்டும் அது கடுமையாகிவிடாது. அதே கலவையின் வெளிர்நிறச் சுருட்டைவிடக் கறுத்தது மென்மையாக இருப்பதும் உண்டு. தரத்தைப் பொறுத்தவரை, அந்தக் கறுப்பு எந்த வழியில் வந்தது என்பதுதான் கேள்வி.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் பழகுகிறவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாதி வேளை நாம் சுருட்டை எடைபோடுவதில்லை, நம் ஊர்க் காற்றைத்தான் எடைபோடுகிறோம். ஈரம் ஏறிய சுருட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும் கசக்கும், அணையும், ஒரு பக்கமாக எரியும். பிடித்தவர் அதைச் சுருட்டின் குறையென்று எழுதிவைப்பார். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஈரத்துக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சுருட்டொன்றில் ஒரு பெட்டி சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிக்கொட்டின் வாயின் உட்தோல் வழியாக இரத்தத்துக்குப் போய்விடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களுக்கு அது இன்னும் கூடும். புகைக்காத ஒருவரைத் தொடங்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. எப்போதாவது ஒன்று பிடிக்கும் வளர்ந்தவர்கள், பிடிப்பது என்னவென்று தெரிந்து, குறைவாகவும் நல்லதாகவும் பிடிக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. மூடிய பொது இடங்களில் புகைப்பதும் தடை. வெளிநாட்டிலிருந்து உறவினரைக் கொண்டுவரச் சொல்வதென்றால் சுங்க விதியை முன்கூட்டியே விசாரித்துச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் அவரை மாட்டிவிட வேண்டாம்.

கறுப்பு வரும் வழி

சுருட்டில் மூன்று அடுக்கு. நடுவில் உள்ளிலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேல் நாம் காணும் மேலிலை. 'மடுரோ' என்று பெட்டியில் போட்டிருந்தால் அது நீண்டகாலம் பழுக்கவைத்துக் கறுத்த மேலிலையைப் பற்றிய பேச்சு. உள்ளே இருப்பது எந்த நாட்டு இலையாகவும் இருக்கலாம்.

புகையிலைச் செடியில் மேலே போகப் போக இலை தடிக்கும். வெயில் கூடுதலாகப் படும், எண்ணெயும் கூடும். மடுரோவுக்கு அப்படித் தடித்த இலைதான் வேண்டும், ஏனென்றால் மெல்லிய இலை நீண்ட பதப்படுத்தலைத் தாங்காமல் கிழிந்துவிடும். உலர்த்திய இலைகளை ஈரப்படுத்திப் பெரிய குவியலாக அடுக்குவார்கள். குவியலின் நடுவில் தானாகவே சூடு ஏறும். குறித்த அளவு சூடு வந்ததும் குவியலைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயுமாக மாற்றி அடுக்குவார்கள். வெளிர்நிற இலைக்கு இது சில மாதங்களில் முடிந்துவிடும். மடுரோவுக்குக் கூடுதல் சூடும் கூடுதல் காலமும் கொடுக்கிறார்கள். ஓர் ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. இந்தக் காலத்தில் இலையிலிருந்து அமோனியா வெளியேறுகிறது, தொண்டையைக் கரகரக்கும் கடுமை தணிகிறது, இனிப்பு மேலெழுகிறது, நிறம் கடுங்கபிலமாகிறது. கியூபாவின் கோஹிபா என்ற சுருட்டுப் பெயரில் 2007இல் 'மடுரோ 5' என்று ஒரு வரிசையை இறக்கினார்கள். அதன் மேலிலை ஐந்து ஆண்டு பழுக்கவைத்தது என்பதைத்தான் பெயரிலேயே போட்டிருக்கிறார்கள்.

அடிக்கடி கண்ணில் படும் கறுத்த மேலிலைகள் மூன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் பிராட்லீஃப் ஒன்று. அதைத் தனித்தனி இலையாகப் பறிக்காமல் செடியோடு வெட்டித் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். இலை முரடு, நரம்பு தடித்தது, சுவை மண்ணும் கடுங்கோப்பியும். மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் விளையும் சான் அந்திரேஸ் இலையில் கொக்கோவும் மிளகும் தெரியும். பிரேசிலின் பஹியா மாநிலத்து மாத்தா ஃபீனா இனிப்பும் வாசமும் கூடியது. வாங்கும்போது பெட்டியிலோ கடைக்காரரிடமோ மேலிலை எந்த ஊரென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் தெரிந்தால் எந்தச் சுவையைத் தேடுவதென்று தெரியும்.

காத்திருக்க விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இலையை நீராவியில் வேகவைத்துக் கறுக்கச் செய்வது ஒரு குறுக்குவழி. சாயம் ஏற்றுவது இன்னொன்று. இவற்றைப் பிரித்தறிவதுதான் புதியவர் கற்கவேண்டிய முதல் பாடம்.

யாழ்ப்பாணச் சுருட்டுப் பழகியவர்கள் இங்கே குழம்பக்கூடாது. நம் சுருட்டில் இலையைக் கோடா என்ற பதப்படுத்தும் கரைசலில் தோய்ப்பது தொழிலின் முறை. அந்தச் சுவையைத் தேடித்தான் வாங்குகிறார்கள். ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூர் வரை சந்தை இருந்த புகையிலை அது. அதை அளக்கும் கோல் வேறு. மடுரோவில் மட்டும், இலையின் சொந்தச் சுவைக்கு மேலே பூசிய எதையும் குறையாகவே எடுக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் ஈரம்

சுருட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 65 முதல் 70 வீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள், 18 முதல் 21 பாகை செல்சியஸ் குளிரில். அந்தக் குளிர் நமக்கு எங்கே? ஐப்பசி தொடங்கி வாடையும் மழையுமாக இருக்கும் மாதங்களில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 80ஐத் தாண்டி நிற்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. வெயில் 35 பாகையைத் தொடும் அந்த நாட்களில் திறந்துகிடக்கும் சுருட்டின் மேலிலை ஓரம் சுருண்டு வெடித்துவிடும். ஒரே சுருட்டு, மார்கழியில் ஒரு சுவை, ஆடியில் வேறு சுவை. மடுரோவின் தடித்த எண்ணெய் இலை ஈரத்தைப் பிடித்தால் கெதியில் விடாது, அதனால் இந்த ஊரில் அதற்குத்தான் பாதிப்பு அதிகம்.

அழகான மரப்பெட்டி வாங்கக் காசு செலவழிக்கவேண்டாம். மூடியில் ரப்பர் வளையம் வைத்த, நான்கு பக்கமும் கொளுவி இறுக்கும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி போதும். புதுப்பெட்டியாக இருக்கவேண்டும், கருவாடோ மாசியோ வைத்த பெட்டி எத்தனை தரம் கழுவினாலும் சரிவராது. உள்ளே ஈரத்தைத் தானே கூட்டவும் குறைக்கவும் செய்யும் உறை ஒன்றைப் போடுங்கள். போவெடா என்ற பெயரில் வருபவை பரவலாகத் தெரிந்தவை. 62, 65, 69, 72 என்று எண் போட்டிருக்கும். கறுத்த சுருட்டுக்கும் நம் சூட்டுக்கும் 62 அல்லது 65 எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தண்ணீரில் நனைத்த பஞ்சை வைக்கும் பழைய முறை ஈரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. இந்த ஊருக்கு அது உதவாது.

பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்றும் வேண்டும். வாங்கியதை அப்படியே நம்பவேண்டாம். ஐந்தாறு புள்ளி பிழையாகக் காட்டுவது சாதாரணம். சோதிக்க உப்பே போதும், நிலாவெளிப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் ஊருக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. சோடாப் போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பிச் சில துளி தண்ணீர் விடுங்கள். உப்புக் கரையக்கூடாது, ஈரச் சேறாக இருக்கவேண்டும். அதையும் ஈரமானியையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நான்கு புள்ளி குறைத்துச் சொல்கிறது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

புதிதாக வந்த சுருட்டை அன்றைக்கே பற்றவைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பயணத்தில் அது எந்தச் சூட்டில் கிடந்ததோ தெரியாது. பெட்டிக்குள் மூன்று நான்கு வாரம் கிடக்கட்டும்.

புகையிலை வண்டு என்றொரு பூச்சி இருக்கிறது. அதன் முட்டை இலையிலேயே இருக்கலாம். ஏறத்தாழ 25 பாகைக்கு மேல் சூடானால் பொரித்துவிடும். நம் வீடுகளில் அந்தச் சூடு ஆண்டு முழுவதும் இருக்கிறது. சுருட்டில் ஊசி குத்திய அளவு துளையும் அடியில் மெல்லிய தூளும் கண்டால் வண்டு வந்துவிட்டது. முன்கூட்டியே தடுக்க, சுருட்டுகளை இரண்டு பைகளுக்குள் இறுக மூடி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும், பிறகு மூன்று நாள் உறைபெட்டியிலும், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்து எடுங்கள். நேராக உறையவைத்து நேராக வெளியே எடுத்தால் மேலிலை பிளக்கும். பைகள் நன்றாக மூடியிருப்பது இரண்டு காரணத்துக்காக முக்கியம்: ஈரம் போகக்கூடாது, மீன் வாசம் வரக்கூடாது. அந்த நாட்களில் மின்சாரம் நீண்டநேரம் நின்றால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

மாரி காலத்தில் மேலிலையில் வெள்ளையாக ஏதாவது படிந்தால் அது பூஞ்சணம் என்றே எடுங்கள். வெள்ளைப் படிவு முதிர்ச்சியின் அடையாளம் என்று சொல்வோரும் உண்டு. இந்த ஈரத்தில் அதை நம்பிச் சோதனை செய்யத் தேவையில்லை. பற்றவைக்கும் முனைக்குள் பூஞ்சணம் போயிருந்தால் சுருட்டை எறிந்துவிடுங்கள், விலை எவ்வளவானாலும் சரி.

கண்ணும் விரலும்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் எல்லாக் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். காலத்தால் கறுத்த இலையில் நிறம் முழுக்க ஒரே சீராக இருக்காது. ஓர் இடம் கோப்பிக்கொட்டை நிறம், ஓர் இடம் இன்னும் கறுப்பு, நரம்போரம் சற்றே வெளிர். மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும். விரலால் தடவினால் நுண்ணிய மணல்மணி தட்டுப்படும். அந்த மணிகள் இலையில் எண்ணெய் இருக்கிறது என்பதன் அடையாளம். முனையிலிருந்து முனைவரை ஒரே மைக்கறுப்பு, பளபளப்பே இல்லை, நரம்பும் அதே கறுப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஈரக் கடதாசியால் ஒரு சோதனை உண்டு. வெள்ளைக் கடதாசிக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து, வாய்முனைக்கு அருகில் மெதுவாக ஒருதரம் தேய்த்துப் பாருங்கள். இளங்கபில நிறம் ஒட்டினால் பயப்படவேண்டாம். தேத்தண்ணிச் சாயம் அளவுக்கு எந்த நல்ல மடுரோவும் விடும். கரி அப்பியமாதிரிக் கறுப்பு வந்தாலோ, தேய்த்த இடம் வெளிறிப்போனாலோ அது பூசிய நிறம். இந்தச் சோதனையில் இலை சற்றுப் பாதிக்கும், அதனால் பெட்டிக்கு ஒன்றைத்தான் இதற்குக் கொடுக்கவேண்டும்.

தடித்த நரம்பைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். மெல்லிய வெளிர்நிற மேலிலையில் அது குறைதான். பிராட்லீஃபில் அது இலையின் இயல்பு. ஓட்டை, கிழிசல், ஒட்டுப்போட்ட துண்டு, சுற்று விலகிய இடம் ஆகியவைதான் குறைகள்.

பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சுருட்டைப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். எங்கும் ஒரே இறுக்கம் இருக்கவேண்டும். ஓர் இடம் பொதுக்கென்று உள்ளே போனால் அங்கே இலை குறைவு, சூடாக எரியும். ஓர் இடம் கட்டியாக இருந்தால் அங்கே புகை அடைபடும். அழுத்தும்போது காதருகே பிடியுங்கள். சரசரவென்று நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. அழுத்திய பள்ளம் திரும்பி வராமல் அப்படியே நின்றால் ஈரம் அதிகம். சற்று அமுங்கித் திரும்பி வருவதுதான் பதம்.

பற்றவைக்கும் முனையைப் பாருங்கள். நீள இலைகள் மடிந்து நிற்பது தெரிந்தால் நல்லது. பொடியும் துண்டுமாக இருந்தால் சாம்பல் உதிரும், புகை கெதியில் சூடாகும்; விலை அதற்கேற்பக் குறைவாக இருக்கவேண்டும்.

மூக்கு

பற்றவைக்குமுன் மேலிலையை ஒருதரமும் முனையை ஒருதரமும் முகர்ந்து பாருங்கள். வைக்கோல், மாட்டுத்தொழுவம், பழைய மரப்பெட்டி, கொக்கோ இவையெல்லாம் நல்ல வாசங்கள். மூக்கைச் சுருக்கென்று குத்தும் அமோனியா வாசம் வந்தால் இலை இன்னும் பழுக்கவில்லை. எறியவேண்டாம், சில மாதம் பெட்டியில் விட்டுவைத்தால் பெரும்பாலும் தணியும். வனிலா, பாணி வாசம் தூக்கினால் சுவையூட்டியது.

பெயர் சொல்லத் தெரியாமல் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டார் எழுதும் பட்டியலில் இருக்கும் பழங்களில் பாதியை நாம் தின்றதே இல்லை. அவற்றைப் படித்துவிட்டு இல்லாத சுவையை இருக்கிறதென்று சொல்லாதீர்கள். சமையலறையிலிருந்து ஐந்தாறு சிறு கிண்ணங்களில் எடுத்துவையுங்கள்: வறுத்த கோப்பித்தூள், பனங்கட்டி, மிளகு, கறுவா, வறுத்த கச்சான், உலர்ந்த முந்திரிகை. ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டுச் சுருட்டை முகருங்கள். மடுரோவில் வரும் வாசங்களில் பெரும்பகுதி இந்தக் கிண்ணங்களுக்குள்ளேயே இருக்கிறது. சில வாரம் இப்படிச் செய்தால் கிண்ணம் இல்லாமலே பெயர் வாய்க்கு வரும்.

வெட்டு, நெருப்பு, காற்று

வாய்முனையில் ஒரு சிறு தொப்பி ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் அது முடியும் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வெட்டினால் போதும். வழுக்கையைத் தொடாமல் இளநீரின் கண்ணை மட்டும் சீவி எடுப்பார்களே, அந்த அளவான கை வேண்டும். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை முழுக்கப் பிரிந்து வரும். வெட்டி இல்லாவிட்டால் புது சவர அலகு பாவிக்கலாம். பல்லால் கடிக்கக்கூடாது.

வெட்டியதும் பற்றவைக்காமல் இரண்டு மூன்று தரம் வெறுமனே உறிஞ்சுங்கள். காற்று சிறு தடையோடு வரவேண்டும். வெறும் குழாய் உறிஞ்சுவதாக இருந்தால் உள்ளிலை போதாது. கன்னம் குழிய உறிஞ்சவேண்டியிருந்தால் அடைப்பு. இந்த வெற்று உறிஞ்சலில் வரும் இனிப்பையும் கவனியுங்கள். உதடு பட்ட உடனேயே சீனி இனிப்பாக இருந்தால் முனையில் இனிப்புத் தடவியிருக்கிறார்கள். இலையின் இனிப்பு உதட்டில் நிற்காது, உறிஞ்சிய சற்றுப் பிறகு நாக்கின் நடுவில் தெரியும்.

நெருப்புக்குக் காஸ் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. பெற்றோல் லைட்டர், மெழுகுதிரி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் தங்கள் வாசத்தைச் சுருட்டுக்குக் கொடுத்துவிடும். முனையைச் சுவாலைக்குள் குத்தாமல், சற்று மேலே பிடித்துச் சுழற்றி, ஓரம் முழுக்கச் சாம்பல் பூக்கும்வரை சூடாக்குங்கள். பிறகு மெதுவாக உறிஞ்சி, முனையை ஊதிப் பாருங்கள். எங்காவது கறுத்த இடம் நின்றால் அங்கே மட்டும் நெருப்புக் காட்டுங்கள். தடித்த மேலிலைக்கு இதில் பொறுமை கூடத் தேவை. ஆறுதலாகச் செய்யுங்கள்.

இடம் முக்கியம். உப்புவெளிக் கடற்கரையிலோ டச்சுக்குடாவிலோ உட்கார்ந்து பிடிக்க ஆசையாக இருக்கும். தரம் பார்க்க அது இடமல்ல. கடற்காற்று படும் பக்கம் வேகமாக எரியும், கங்கு சூடேறும், சூடேறியதும் எந்த இலையும் கசக்கும். கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையிலும் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பின்விறாந்தை, காற்று அடங்கிய பின்னேரம், பிள்ளைகளும் வருத்தக்காரரும் அருகில் இல்லாத வேளை. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

சாப்பிட்டபின் பிடியுங்கள். வெறுவயிற்றில் நிக்கொட்டின் ஏறினால் வேர்க்கும், தலை சுற்றும், குமட்டும். அப்படி வந்தால் சுருட்டை வைத்துவிட்டு இனிப்பான தேத்தண்ணி ஒன்று குடியுங்கள். மிச்சத்தை அன்றைக்கு மறந்துவிடுங்கள். ஆனால் மீன்குழம்பும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சுவை பார்க்க முடியாது, ஒரு மணித்தியாலமாவது போகட்டும். வெற்றிலை போட்ட வாய்க்கு அன்று முழுக்க எதுவும் பிடிபடாது. சுண்ணாம்பு நாக்கைத் தின்றுவிடும். குடிக்கப் பக்கத்தில் தண்ணீர், இல்லையென்றால் சீனி போடாத வெறுந்தேத்தண்ணி.

மூன்று பங்காகப் பிரித்துச் சுவைப்பது

பழகுவதற்கு ரொபஸ்டோ அளவு நல்லது. 5 அங்குல நீளம், 50 வளையம். ஒரு வளையம் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஆக ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு மணித்தியாலம் போகும். அதைக் கண்ணால் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிமிடத்துக்கு ஒரு உறிஞ்சல் போதும். புகையை வாய்க்குள் வைத்து நாக்கின் மேல் உருட்டி வெளியே விடுங்கள், நெஞ்சுக்குள் இழுக்கவேண்டாம். மூன்று நான்கு உறிஞ்சலுக்கு ஒருதரம், பெரும்பகுதிப் புகையை வாயால் விட்டபின் மிச்சம் இருக்கும் சொட்டை மூக்கு வழியாக விட்டுப்பாருங்கள். மிளகும் கறுவாவும் தெரியும் இடம் அதுதான். முதல் தடவை கண் கலங்கும். அளவைக் குறைத்தால் பழகிவிடும்.

முதல் பங்கில் மேலிலையின் குணம் முன்னே நிற்கும்: கொக்கோ, மண், சற்று மிளகு. இதில் மயங்கி முடிவெடுக்கவேண்டாம், தொடக்கத்தில் நன்றாக இல்லாத சுருட்டே அரிது. இரண்டாம் பங்கில் உள்ளிலை பேசத் தொடங்கும். சுவை மாறுகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். மாறாமல் நிற்பதே குற்றமல்ல. ஒரே கோப்பிச் சுவையைத் தெளிவாகக் கடைசிவரை கொண்டுபோகும் சுருட்டை, பத்துச் சுவை காட்டிக் குழப்புவதைவிட நான் மேலாக வைப்பேன்.

உண்மை வெளிவருவது மூன்றாம் பங்கில். வெந்நீராவியில் வேகவைத்துக் கறுக்கவைத்த இலையும், அரைகுறையாகப் பழுத்த இலையும் இங்கே மறைக்க முடியாது. நாக்கின் நுனி சுடும், ஓரங்கள் கரகரக்கும், கரியும் தாரும்தான் வாயில் நிற்கும். காலம் எடுத்துப் பழுத்த இலையில் இங்கே காரம் ஏறும், ஆனால் இனிப்பு அடியில் விடாமல் நிற்கும். புகையை விட்டபிறகு வாயில் என்ன மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். கொக்கோவோ வறுத்த கச்சானோ இதமாக நின்று மறைந்தால் நல்லது. துப்பவேண்டும் என்று தோன்றினால் அதையே குறித்துவையுங்கள், அதைவிடத் தெளிவான குறிப்பு இல்லை. கசப்பு வந்த நேரத்தில் நீங்கள் வேகமாக உறிஞ்சவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். சந்தேகமென்றால் இரண்டு நிமிடம் ஆறவிட்டு, சுருட்டு வழியாக வெளிப்பக்கம் மெதுவாக ஒருதரம் ஊதிவிட்டு மறுபடி இழுங்கள். கசப்பு போய்விட்டால் பிழை கையில், போகாவிட்டால் இலையில்.

எரிவைப் பற்றிச் சுருக்கமாக. தடித்த எண்ணெய் மேலிலை சற்றுக் கோணலாக எரிவது வழமை, அது தானே நேராகிவிட்டால் புள்ளி குறைக்காதீர்கள். ஒருதரம் அணைவதும் பெரிய குற்றமல்ல. ஒரு பக்கம் மட்டும் அங்குலக் கணக்கில் ஓடினாலோ, நடு எரிந்து மேலிலை கூடாக நின்றாலோ சுருட்டிய கை சரியில்லை, அல்லது உங்கள் பெட்டியில் ஈரம் கூட. சாம்பல் வெள்ளையா சாம்பல்நிறமா என்பதை வைத்துத் தரம் சொல்லமுடியாது. அது பெரும்பாலும் மண்ணில் உள்ள மக்னீசியம் போன்ற தாதுக்களைப் பொறுத்தது. சாம்பல் ஒரு அங்குலமளவு உதிராமல் நிற்கிறதா என்பது மட்டும் நீள இலையா பொடியா என்று சொல்லும்.

பக்கத்தில் பக்கமாக

கொஞ்சம் பழகியபின் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பல நிறுவனங்கள் ஒரே சுருட்டை வெளிர் மேலிலையிலும் கறுத்த மேலிலையிலும் விற்கின்றன. நிக்கராகுவாவின் பட்ரோன் அதற்குப் பெயர்போனது. அதே அளவில் இரண்டையும் எடுத்து, காகித வளையத்தைக் கழற்றிவிட்டு, வீட்டில் ஒருவரைக் கொண்டு கண்ணைக் கட்டி மாறி மாறிக் கையில் தரச்சொல்லுங்கள். பற்றவைப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். எது கறுப்பு என்று சொல்லவேண்டும், எது கடுமை என்றும் சொல்லவேண்டும். கறுத்ததைக் கண்டுபிடிப்பவர் பலர். அதையே கடுமையென்று சொல்பவர் நான் பார்த்தவரையில் குறைவு.

குறிப்பெடுக்க ஒரு அப்பியாசக் கொப்பி போதும். நாள், மேலிலையின் ஊர், பெட்டியின் ஈரம், அன்றைய காற்று, மூன்று பங்குக்கும் இரண்டிரண்டு வரி, கடைசியில் வாயில் நின்றது. நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும் வழக்கம் இப்போதைக்கு வேண்டாம். 'மறுபடி காசு கொடுத்து வாங்குவேனா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று எழுதுங்கள். கையால் சுருட்டும் சாமானில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும், அதனால் ஒரே ஒன்றைப் பிடித்துவிட்டு ஒரு பெயரைக் கழிக்கவோ தூக்கிவைக்கவோ கூடாது. ஆறு வாங்குங்கள். மூன்றை வாடைக் காலத்தில், மூன்றைக் கச்சான் காலத்தில், இடைவெளி விட்டுப் பிடியுங்கள். இரண்டு காலக் குறிப்பும் ஒத்துப்போனால் உங்கள் பெட்டி ஒழுங்காக வேலைசெய்கிறது, அந்தச் சுருட்டைப் பற்றி நீங்கள் எழுதியதையும் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அடுத்ததை வாங்குமுன் ஈரமானியை மறுபடி உப்பில் வைத்துப் பாருங்கள்.